மாடு தின்னாத புல்

டங். டங். டங்.

கண் விழித்ததும் இந்தச் சத்தம்தான் காதில் விழுந்தது. இரும்பை இரும்பு மெல்லத் தட்டும் ஓசை. ஜன்னலுக்கு வெளியே இன்னும் முழுசாக விடியவில்லை. எதிர்வீட்டு வாசலில் பெரியவர் ஒருவர் நீளமான மரக்கட்டையின் மேல் இருபக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டையின் நுனியில் உள்ளங்கைக்குள் அடங்கும் பட்டடைக்கல் ஒன்று அறையப்பட்டிருந்தது. அரிவாளின் வாயை அதன்மேல் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. நெல்மணி அகலம் நகர்த்தி இன்னொரு தட்டு. தட்டத் தட்ட வாயோரம் தாள்போல மெலியும். சாணைக்கல்லுக்குப் போவதற்கு முந்தின வேலை இது. சுத்தியல் எங்கே விழுகிறது என்று அவர் பார்க்கவே இல்லை. பார்வை எதிரே இருந்த குன்றின் மேல் இருந்தது.

நான் வேலை பார்ப்பது செக் நாட்டின் புர்னோ நகரத்தில். கணினி வேலைக்காக நம் ஆட்கள் வந்து சேரும் ஊர்களில் அதுவும் ஒன்று. மூன்று வருஷத்தில் நான் கற்ற செக் மொழி மளிகைக்கடை வாசலோடு நின்றுவிட்டது. வணக்கம், நன்றி, எவ்வளவு, பை வேண்டாம். ஆகவே இந்தக் கிராமத்தில் நான் ஊமை. பேசாத ஆள் இருப்பதை மற்றவர்கள் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள். மறந்த பிறகு அவனுக்கு நன்றாகப் பார்க்க முடிகிறது.

அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரிதான் கூப்பிட்டாள்.

"சனிக்கிழமை புல் அறுக்க வருகிறாயா?"

"எந்த மாட்டுக்கு?"

"மாட்டுக்கு இல்லை. பாசிக்கு."

சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் பாசி என்றால் மொட்டைமாடித் தொட்டியில் பிடிப்பது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடருமாக உள்ளே இறங்கித் தேய்க்க வேண்டும். கிணற்றடியில் வழுக்கி விழ வைப்பதும் பாசி, குளத்து நீரில் மிதப்பதும் பாசி. தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். அதில் ஒன்றைக் காப்பாற்ற ஒரு சனிக்கிழமையைக் கொடுக்கச் சொல்கிறாள். வேறு வேலை இல்லாததால் வந்தேன்.

*

புர்னோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போனால் ஷ்ட்யார் என்ற சிறு நகரம். விசோச்சினா என்னும் மேட்டுநிலம் அது. செக் நாட்டின் இரு பகுதிகளான பொஹீமியாவுக்கும் மொராவியாவுக்கும் நடுவே முதுகு போலக் கிடக்கிறது. ரயிலை விட்டு இறங்குகிற வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் ஊரோரக் குன்றில் உள்ள தேவாலயத்துக்குத்தான் போவார்கள். ஐந்து முனை நட்சத்திர வடிவில் கட்டிய தலம். 1994-இலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. நாங்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பஸ் ஒன்றில் ஏறி, முந்தின நாள் இரவு இந்தக் கிராமத்துக்கு வந்திருந்தோம்.

காலை ஏழு மணிக்குப் பதினொரு பேர் கிளம்பினோம். ஆளுயரப் பிடி வைத்த அரிவாள்கள் நான்கு. நீளக் காம்பில் மரப்பற்கள் வைத்த சீப்புகள் ஆறு. எனக்குச் சீப்புதான் கொடுத்தார்கள். அரிவாளைப் பெரியவர் என் கையில் தர யோசித்தது முகத்தில் தெரிந்தது. அவர் இடுப்பு வாரில் ஒரு மாட்டுக்கொம்பு தொங்கியது. கூர்முனை கீழே, வாய் மேலே. அதில் பாதித் தண்ணீர். தண்ணீருக்குள் சாணைக்கல். நடக்கும்போது தளுக் தளுக்கென்று சத்தம்.

பாதையின் இருபுறமும் உருளைக்கிழங்கு வயல். இந்த மேட்டுநிலமே அந்த நாட்டின் கிழங்கு மூட்டை. ஆகஸ்ட் கடைசி. செடிகள் வாடத் தொடங்கியிருந்தன. வயல் முடிகிற இடத்தில் நிலம் சரிந்து ஒரு பள்ளத்தில் இறங்கியது. கரையோரம் வில்லோ புதர். அதைத் தாண்டிக் கால் வைத்ததும் பூமி அசைந்தது.

அசைந்தது என்று எழுதியது உவமை இல்லை. எனக்கு முன்னால் போனவர் கால் ஊன்றும்போதெல்லாம் பத்தடி தள்ளியிருந்த கோரைகள் தலையாட்டின. தண்ணீர் மேல் விரித்த மெத்தை அது. கீழே கறுப்பாக, மக்காமல் படிந்த செடிகொடி மண். பீட் என்பார்கள். நல்ல சதுப்பில் அது ஒரு மில்லிமீட்டர் உயர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். குழுவில் இருந்த பாசி ஆராய்ச்சியாளப் பெண் மெல்லிய இரும்புக்கம்பி ஒன்றை இரண்டு விரலால் அழுத்தினாள். வெண்ணெய்க்குள் போவதுபோலப் போனது. அவள் தோளுயரக் கம்பி. கைப்பிடி மட்டும்தான் மிஞ்சியது.

பள்ளத்தின் மேல்பக்கம் மண்ணுக்குள்ளிருந்து ஊற்று கசிகிறது. மழையை மட்டும் நம்பிய சதுப்பு வேறு. இது ஊற்றுச் சதுப்பு. பாறையைத் தொட்டு வருகிற நீர் என்பதால் கனிமம் கொஞ்சம் கலந்திருக்கும். ஓரங்களில் துருநிறச் சேறு. தேங்கிய குழிகளில் டீசல் சிந்தியதுபோல வானவில் படலம். யாரோ வண்டியைக் கொண்டுவந்து கழுவியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தப் பெண் என் பார்வையைக் கவனித்தாள். ஒரு குச்சியால் படலத்தைக் குத்தினாள். அது கண்ணாடிச் சில்லுகளாக உடைந்து, உடைந்தபடியே நின்றது. எண்ணெயாக இருந்தால் மறுபடி ஒன்றுசேர்ந்திருக்கும். இது இரும்பில் வாழும் பாக்டீரியா விரிக்கிற படலம். இரும்பு இங்கே காவல்காரனும்கூட. வயலிலிருந்து இறங்கிவரும் பாஸ்பரஸைப் பிடித்துக் கட்டி வைத்துவிடும். செடிகளுக்குத் தீனி குறைவு. தீனி குறைவாக இருப்பதால்தான் வளர்த்தியான புல் இதை ஒரேயடியாக விழுங்காமல் இருக்கிறது.

*

"இதோ," என்றாள் ஆராய்ச்சியாளப் பெண்.

எதையும் காணோம். கோரைத் தூர்களுக்கு நடுவே பச்சையும் மஞ்சளும் பழுப்புமாக ஈரக் கம்பளி ஒன்று கிடந்தது. மண்டியிடச் சொன்னாள். முட்டி வரை குளிர்ந்த நீர் ஏறியது. கழுத்துக் கயிற்றில் தொங்கிய கைலென்ஸைக் கழற்றி என் கண்ணோடு ஒட்டி வைத்தாள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். பொருளைக் கண்ணுக்குக் கொண்டுவரக் கூடாது, கண்ணைப் பொருளுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். மூக்கு பாசியில் பட்டது. மழை நின்ற பிறகு வைக்கோல் போரில் வருகிற வாசம்.

முதலில் மங்கல். பிறகு சட்டென்று தெளிந்தது.

விரல் நீளத் தண்டு. அதன் இருபுறமும் சிறு கிளைகள், பறவை இறகில் இருப்பதுபோல. ஒவ்வொரு தண்டின் நுனியும் கைத்தடிப் பிடிபோல வளைந்திருந்தது. நூறு நுனிகள் என்றால் நூறும் கொக்கி. இலைகள் சில மில்லிமீட்டர்தான். அத்தனையும் காற்று வீசிய திசையில் சாய்ந்த நெற்கதிர்போல ஒரே பக்கம் வளைந்திருந்தன. இலையின் நீளவாக்கில் விசிறி மடிப்பு மடிப்பாகக் கோடுகள். அடியில், தண்டைத் தொடுகிற இடத்தில், வெற்றிலை போட்ட உதட்டின் உள்விளிம்புபோல மெல்லிய சிவப்பு. எல்லாவற்றின் மேலும் ஒரு பளபளப்பு.

அந்தப் பளபளப்புதான் பெயரில் இருக்கிறது. ஹமாட்டோகாலிஸ் வெர்னிகோசஸ். முதல் பாதிக்குக் கொக்கித் தண்டு என்று பொருள். பின்பாதிக்கு வார்னிஷ் பூசியது. ஆங்கிலத்தில் மெல்லிய பச்சை இறகுப் பாசி என்கிற அர்த்தத்தில் ஒரு பெயர் உண்டு. கொக்கிப் பெயர் 1989-இல் ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த லார்ஸ் ஹெடெனாஸ் வைத்தது. வார்னிஷ் பெயர் அதற்கும் நூற்றாண்டுக்கு முன்னால் இங்கிலாந்தின் சசெக்ஸ் கிராமமொன்றில் மருந்துக்கடை நடத்திய வில்லியம் மிட்டன் வைத்தது. மிட்டன் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்தேன். இந்திய மலைகளிலிருந்து கப்பலேறிய பாசிகளை வரிசைப்படுத்தி 1859-இல் பெரிய பட்டியல் வெளியிட்டவர் அவர். நீலகிரிப் பாசிகளும் அதில் உண்டு. இயற்கைத் தேர்வைப் பற்றி டார்வினோடு சேர்ந்து 1858-இல் உலகுக்குச் சொன்ன ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் பின்னாளில் அவர் மருமகன் ஆனார். இருமல் மருந்து கட்டித் தருகிற அதே மேஜையில் உதகமண்டலத்துப் பாசிக்கும் இந்தச் சேற்றுப் பாசிக்கும் பெயர் தேடியிருப்பாரோ என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. முட்டிக்குள் குளிர் ஏறிக்கொண்டிருந்தது.

பார்த்தால் இதைப் போலவே இருக்கிற பாசிகள் அதே சேற்றில் இரண்டு மூன்று இருக்கின்றன. தேள்வால்போல வளைந்த ஸ்கார்பிடியம் ஒன்று. நிபுணர்களே ஏமாறுவார்கள். பிரிட்டனில் இந்த இனம் என்று எழுதி வைத்த பழைய பதிவுகள் பல, காயவைத்த மாதிரிகளின் உறையைத் திறந்து மறுபடி பார்த்தபோது வேறு பாசியாக இருந்தன. அதைவிட விநோதம் ஒன்று உண்டு. 2007-இல் மரபணுவைப் பார்த்தபோது இந்த ஒரே பாசிக்குள் இரண்டு வம்சம் இருப்பது தெரியவந்தது. கொக்கி, மடிப்பு, சிவப்பு, பளபளப்பு எல்லாம் ஒன்றே. லென்ஸாலும் பிரிக்க முடியாது. இரண்டும் செக் சதுப்புகளில் இருக்கின்றன. நான் பார்த்தது எந்த வம்சம் என்று அவளுக்கும் தெரியாது. சொல்லிவிட்டுத் தோளைக் குலுக்கினாள்.

இதற்கு வேர் கிடையாது. நீரை மேலே ஏற்றுகிற குழாய் கிடையாது. இலை முழுக்க வாய். சுற்றியுள்ள தண்ணீரில் என்ன இருக்கிறதோ அதைத்தான் குடிக்கும். ஆண் தனி, பெண் தனி. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அமைவது அபூர்வம். ஐரோப்பாவில் இது வித்துப்பை தாங்கி நிற்பதைப் பார்த்தவர்கள் குறைவு. முறிந்த துணுக்கு விழுந்த இடத்தில் ஒட்டிப் படர்வதுதான் வழக்கம். சதுப்பு விட்டுச் சதுப்புக்குத் தாவுவது கடினம். ஓர் இடத்தில் போனால் போனதுதான்.

*

அரிவாள் வீச்சைப் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறீர்களா? பட்டுப்புடவையை ஒரே இழுப்பில் கிழிப்பதுபோல இருக்கும். நால்வர் படிக்கட்டுபோல ஒருவர் பின் ஒருவராகச் சாய்வு வரிசையில் நகர்ந்தார்கள். பெரியவர் முதலில். அவருக்கு எண்பதுக்கு மேல். கையை வீசுவதாகத் தெரியவில்லை. இடுப்பு திரும்புகிறது, அரிவாள் கூடவே போகிறது. பின்னால் வந்த இளைஞர்கள் தோளால் வெட்டினார்கள். பத்து நிமிஷத்தில் சட்டை நனைந்துவிட்டது. இருபது வீச்சுக்கு ஒருமுறை பெரியவர் நின்று கொம்பிலிருந்து கல்லை எடுத்து, வாயின் இரு பக்கமும் மாற்றி மாற்றி இழைத்து, மறுபடி கொம்பில் போடுவார். அந்த நேரம்தான் அவருக்கு ஓய்வு.

எங்கள் வேலை விழுந்ததை வாரிக் கரைக்குக் கொண்டுபோவது. ஒரு துணுக்கும் கிடக்கக் கூடாது. கிடந்தால் மக்கி உரமாகும். உரம் ஏறினால் இன்னொரு பாசி வரும். அதையும் ஆராய்ச்சியாளப் பெண் காட்டினாள். நுனி ஈட்டிபோலக் கூர்ந்தது. கால்லியெர்கோனெல்லா. அதற்கும் ஈரம் வேண்டும், ஆனால் கொழுத்த ஈரம். உரத் தண்ணீர் கிடைத்தால் சில வருஷத்தில் கொக்கித் தண்டுகளை அமுக்கி மேலே ஏறிவிடும். இன்னொரு பக்கம் பஞ்சுபோல நீரை உறிஞ்சி மேடு கட்டுகிற ஸ்ஃபாக்னம். அது தான் இருக்கும் இடத்தைப் புளிக்க வைத்துக்கொண்டே வளரும். இரண்டுக்கும் நடுவே, அதிகம் புளிக்காமல் அதிகம் கொழுக்காமல் ஓடுகிற ஒரு விரற்கடை நீர்தான் நம்முடையது வாழும் வீடு.

பதினொரு மணி வாக்கில் சின்னச் சச்சரவு. பெரியவர் ஒரு பட்டையை அறுக்கப் போனபோது ஆராய்ச்சியாளப் பெண் ஓடிவந்து கையை விரித்து நின்றாள். அந்தப் பட்டையை இந்த வருஷம் விட வேண்டும். பூச்சிக்கும் சிலந்திக்கும் ஒதுங்க இடம் வேண்டும். அடுத்த வருஷம் அதை அறுத்து வேறு பட்டையை விடுவார்கள். பெரியவர் அரிவாளை நட்டமாக ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். நீளமாக ஏதோ சொன்னார். என் அலுவலகத் தோழி என் காதருகே மொழிபெயர்த்தாள்.

"அம்மா காலத்தில் இங்கே ஒரு தாள் நின்றாலும் ஊரே கேட்குமாம். அந்த வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள், கையை மட்டும் இறக்கவில்லை. பெரியவர் பட்டையைச் சுற்றிப் போய் அந்தப்பக்கம் வெட்டத் தொடங்கினார். திரும்பித் திரும்பி அந்த நிற்கிற புல்லைப் பார்த்தது, சாப்பிடாமல் எழுந்துபோன பிள்ளையின் தட்டைப் பார்ப்பதுபோல இருந்தது.

சற்று நேரத்தில் இளைஞன் ஒருவனின் கால் தொடை வரை உள்ளே போய்விட்டது. இரண்டு பேர் தோளைப் பிடித்து இழுத்தோம். பூட்ஸ் உள்ளேயே நின்றுகொண்டது. அதை எடுக்க இன்னும் கால்மணி. எடுத்த இடத்தில் கறுப்பு நீர் நிறைந்த குழி. பாழாக்கிவிட்டோமே என்று அவன் முகம் சுருங்கியது. அவள் வந்து குழியைப் பார்த்தாள். பரவாயில்லை என்றாள். நெருக்கமான கோரைக்கு நடுவே இப்படி ஒரு திறப்பு கிடைத்தால் கொக்கிப் பாசி உள்ளே படரப் பார்க்கும். சில இடங்களில் வேண்டுமென்றே சிறு திறப்பு வெட்டி விடுகிறார்களாம். வேல்ஸ் மலைகளில் ஆடுமாடும் மட்டக்குதிரையும் இந்த வேலையைச் செய்கின்றன. குளம்பு பதிந்த குழி, மேய்ந்து குட்டையான புல். இங்கே மேய ஒன்றும் இல்லை. ஆகவே பூட்ஸ்.

*

மத்தியானம் பெரியவரின் மருமகள் கூடையில் ரொட்டியும் கசகசா அடைத்த பன்னும் கொண்டுவந்தாள். வில்லோ நிழலில் உட்கார்ந்தோம். பெரியவர் பேசினார். தோழி துண்டு துண்டாக எனக்குக் கொடுத்தாள். அவள் வாய் பன்னில் இருந்தபோதெல்லாம் கதையில் ஓட்டை விழுந்தது. நான் கோத்து எழுதுகிறேன்.

1948-இல் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சிக்கு வந்த பிறகு வயல்கள் கூட்டுப்பண்ணைக்குப் போயின. உறுப்பினர் குடும்பம் ஒரு சிறு துண்டு நிலமும் ஒரு பசுவும் வைத்துக்கொள்ளலாம். பசுவைக் கொடுத்தார்கள், அதற்குப் புல் எங்கே என்று சொல்லவில்லை. நல்ல புல்வெளியெல்லாம் பண்ணைக்கு. பண்ணை வேண்டாம் என்று விட்ட மூலை இந்தப் பள்ளம். ஒருமுறை டிராக்டர் இறங்கி அச்சு வரை புதைந்ததாம். இங்கே விளைவது கோரை. அவர்கள் பேச்சில் அது புளிப்புப் புல். பசு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பும். பசி மிஞ்சினால் தின்னும். மிச்சம் தொழுவத்தில் அடியில் போட ஆகும். அம்மா ஒவ்வொரு வருஷமும் முழங்கால் தண்ணீரில் நின்று இதை அறுத்து முதுகில் சுமந்தாள். பாசி என்ற ஒன்று காலடியில் இருப்பதே அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வழுக்கும் என்று திட்டியிருப்பாள் என்றார். எங்கள் கிணற்றடி ஞாபகம் வந்தது.

பிறகு மண்ணுக்கடியில் குழாய்க் காலம். செக் நாட்டில் பத்து லட்சம் ஹெக்டேர் அளவுக்கு விளைநிலத்தில் வடிகால் பதித்தார்கள். பெரும்பகுதி கூட்டுப்பண்ணை நாட்களில். சுட்ட களிமண் குழாய்கள், சிவப்பு நிறம். பெரியவர் கையை நீட்டி அங்கே, அங்கே, அந்த வேலியோரம் என்று காட்டினார். பதித்த ஆட்களில் அவரும் ஒருவர். அந்த வேலைக்கு நல்ல கூலி. மேலே இருந்த இரண்டு ஈரப் புல்வெளிகள் உருளைக்கிழங்கு வயலாயின. இந்த மூலை மட்டும் ஆழம் அதிகம் என்பதால் தப்பியது.

தப்பியதை இன்னொன்று பிடித்துக்கொண்டது. பசுவை விற்றார்கள். அம்மா போய்ச் சேர்ந்தாள். அறுக்க ஆளில்லை. பத்து வருஷத்தில் வில்லோவும் ஆல்டரும் தலைக்கு மேல் வளர்ந்து நிழல் போட்டன. காய்ந்த கோரை ஆண்டுக்கு ஆண்டு மெத்தைபோலப் படிந்து மூடியது. யாரும் எதையும் அழிக்கவில்லை. எல்லோரும் சும்மா இருந்தார்கள், அவ்வளவுதான்.

எங்கள் அப்பத்தா வாய்க்கால் கரையில் புல் அறுத்த நாட்கள் நினைவில் ஓடின. பசு இருந்தவரை கரை முகம் மழித்ததுபோல இருக்கும். பசு போன மறுவருஷமே நெய்வேலி காட்டாமணக்கு ஏறியது. இப்போது அந்த வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று கரையில் நின்றால் தெரியாது.

2004-இல் செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. ஒன்றியத்தின் 1992-ஆம் ஆண்டு வாழிடச் சட்டம், தனியாக இடம் ஒதுக்கிப் பேண வேண்டிய உயிர்களின் பட்டியலில் இந்தப் பாசியையும் வைத்திருக்கிறது. ஐரோப்பிய வனவுயிர்களுக்கான பெர்ன் உடன்படிக்கையும் இதைக் கண்டிப்பான பாதுகாப்பில் சேர்த்திருக்கிறது. பல நாடுகளின் சிவப்புப் பட்டியலில் இதன் பெயர் உண்டு. பாசியினங்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் ஐரோப்பாவில் ஆபத்தில் இருப்பதாக 2019-இல் வந்த கணக்கு சொன்னது. சட்டம் வந்ததும் பாசி தெரிந்தவர்கள் பள்ளம் பள்ளமாக இறங்கித் தேடினார்கள். இங்கேயும் ஒருத்தி வந்து மண்டியிட்டாள். புதருக்கடியில் கைக்குட்டை அளவு மிஞ்சியிருந்ததாம். அரசுக்காரர்கள் கிராமத்தில் வந்து விசாரித்தார்கள். இந்தச் சேற்றில் நின்று அறுக்கத் தெரிந்தவர் யார்? இயந்திரம் இறங்காது. ஊரார் இந்த வீட்டைக் கைகாட்டினார்கள்.

"முதலில் என்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன்," என்றார் பெரியவர். "அம்மா ஓசியில் செய்தது. எனக்குக் கூலி தருகிறார்கள். குழாய் பதித்ததற்கும் கூலி வாங்கினேன். இப்போது அந்தக் குழாய் வடிகிற வாய்க்காலைப் பலகை வைத்து அடைப்பதற்கும் கூலி."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கசகசா ஒட்டிய விரலை ஒவ்வொன்றாக நக்கினார்.

*

சாப்பாட்டுக்குப் பிறகு எண்ணிக்கை. ஒரு மீட்டர் சதுரச் சட்டம், உள்ளே நூல் கட்டிச் சிறு கட்டங்களாகப் பிரித்தது. போன வருஷம் நட்ட முளையைத் தேடி அதன்மேல் ஆராய்ச்சியாளப் பெண் சட்டத்தைப் பொருத்தினாள். ஒவ்வொரு கட்டமாகக் குனிந்து லென்ஸ் வைத்து, இருக்கிறது, இல்லை, இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போக, என் தோழி நனையாத தாளில் பென்சிலால் குறித்தாள். பக்கத்தில் துளையிட்ட குழாய் ஒன்று நட்டிருந்தது. அதில் அளவுகோலை விட்டு நீர்மட்டம் பார்த்தாள். தரையிலிருந்து நான்கு விரற்கடை கீழே. முகம் மாறியது. பனி குறைந்த குளிர்காலமும் நீண்ட வெயில்காலமும் சேர்ந்தால் ஊற்று மெலிகிறது. பாசிக்கு நீர் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அரிவாளால் கோரையை அடக்கலாம். வானத்தை அடக்க அரிவாள் இல்லை. இந்தத் தாளில் உள்ள கோடுகளெல்லாம் சேர்ந்து, ஆறு வருஷத்துக்கு ஒருமுறை பிரஸ்ஸல்ஸுக்குப் போகிற அறிக்கையில் ஒரு வரியாகும்.

மூன்றாவது சட்டத்தின் ஒரு மூலையில் குரல் நின்றது. போன வருஷம் இல்லாத கட்டத்தில் ஏழெட்டுக் கொக்கிகள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. லென்ஸை எடுத்துவிட்டு வெறுங்கண்ணால் ஒருமுறை பார்த்தாள், மறுபடி லென்ஸ் வைத்தாள். ஒரு நுனியை ஆள்காட்டி விரலால் தொட்டாள். குழந்தையின் கால்விரலைத் தொட்டு எண்ணுகிற மாதிரி. பிறகு, "இருக்கிறது," என்றாள். தோழி குறித்துக்கொண்டாள்.

அதே கட்டத்தில் பூச்சி பிடிக்கும் செடி ஒன்று. காசு அளவு வட்ட இலை, சிவந்த மயிர், மயிர் நுனியில் பசைத்துளி. எறும்பு ஒன்று அதில் ஒட்டிக்கொண்டு முன்னங்காலை மட்டும் ஆட்டியது. எல்லோரும் பாசியைப் பார்த்தார்கள். நான் எறும்பை அது ஓயும்வரை பார்த்தேன்.

*

நாலு மணிக்கு முடிந்தது. அறுத்த புல் கரையில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஊரில் இப்போது பசு வைத்திருப்பது ஒரே ஒரு பெரிய பண்ணை. அங்கே மாடுகளுக்கு மக்காச்சோளத் தீவனம். இந்தப் புளிப்புப் புல்லை அவை மோந்துகூடப் பார்க்காது. மருமகள் முயலுக்கு என்று ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்துவிட்டுக் கீழே போட்டாள். ஒரு பகுதி எருக்குழிக்குப் போகும். மிச்சம் ஆல்டர் மர நிழலில் கிடந்து மக்கும், சதுப்பில் வடிந்து இறங்காத தூரத்தில்.

அறுத்த பள்ளம் முடிவெட்டிய தலைபோல வெளிறிக் கிடந்தது. விட்டுவைத்த பட்டை மட்டும் நடுவில் பிடரிமயிர். வெயில் சாய்ந்து தரையைத் தொட்டது. காலையில் கண்ணுக்குத் தெரியாத பாசி இப்போது கோரைத் தூர்களுக்கு இடையே திட்டுத் திட்டாக மினுங்கியது. வார்னிஷ் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னது இதைத்தான் போலும்.

மற்றவர்கள் முன்னால் நடந்துவிட்டார்கள். என் தோழியும். பெரியவர் அரிவாளைப் புல்லால் துடைத்துக்கொண்டிருந்தார். என் கண் அவர் இடுப்புக் கொம்பில் இருந்ததைப் பார்த்துவிட்டார். வாரைக் கழற்றிக் கொம்பை என் கையில் கொடுத்தார். பழுப்பும் வெள்ளையுமாக ஓடிய ரேகை. கை பட்டுப் பட்டு வழவழத்திருந்தது. வாய் விளிம்பில் கல் உரசி உரசி ஒரு பக்கம் தேய்ந்திருந்தது.

"ஸ்த்ராச்சேனா," என்றார்.

எனக்குப் புரியவில்லை. கொம்பைத் தொட்டார். பள்ளத்தைக் காட்டினார். இரண்டு கையையும் தலையின் இரு பக்கமும் வைத்துக் கொம்புபோல விரித்தார். அம்மாவின் பசு. அதன் பெயர். பிறகு விரலை என் பக்கம் நீட்டி, தலையைச் சாய்த்து, மெதுவாக இரண்டே வார்த்தை கேட்டார். அதில் ஒன்று பசு. கடையில் பால் பாக்கெட்டின் மேல் படித்த சொல்.

நாள் முழுக்க வாய் திறக்காதவன், மளிகைக்கடைக்கு வெளியே கற்ற ஒரே சொல்லைத் தேடி எடுத்தேன்.

"பிலா."

இருந்தது.

அவர் தலையை ஆட்டினார். கொம்பைத் திரும்ப வாங்கி, கல்லை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மிச்சமிருந்த தண்ணீரைப் பாதை வரை கொண்டுபோகவில்லை. பள்ளத்துப் பக்கம் திரும்பி, குனிந்து, பாசியின் மேல் ஊற்றினார்.